புகை போக வழியில்லாத நேரம்



பால்மரம் வெட்டிப் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். விடியற்காலையில் மேட்டு நிரையில் நிற்கும்போது குளிர் அவ்வளவாகத் தெரியாது. வாளியைத் தூக்கிக்கொண்டு பள்ளத்து நிரைக்கு இறங்கினால் உடம்பு சிலிர்க்கும். தலைவிளக்கின் வெளிச்சத்தில் பனி வெள்ளை வெள்ளையாக மிதப்பதும் அங்கேதான். லயத்திலிருந்து கிளம்பிய அடுப்புப் புகையும் அந்தப் பள்ளத்தில்தான் வந்து படுத்திருக்கும்.

இதில் ஒரு புதிர் இருக்கிறது, கவனித்தீர்களா? உயரம் போகப் போகக் குளிரும் என்றுதான் நாம் பள்ளியில் படித்தோம். கேமரன் மலைக்குப் போகிறவர்கள் கம்பளிச் சட்டை எடுத்துக்கொண்டுதானே போகிறார்கள்? அப்படியிருக்க மேட்டில் இதமாகவும் பள்ளத்தில் குளிராகவும் இருப்பது எப்படி?

இந்தப் புதிருக்கு விடை கண்டுவிட்டால், பள்ளத்தாக்கில் இருக்கும் ஊர்களில் சில நேரம் மூச்சு முட்டுவது ஏன் என்பதும் விளங்கிவிடும். நம்மில் பலர் இன்று வாழ்வது அப்படிப்பட்ட ஊர்களில்தான். தோட்டம் துண்டாடப்பட்டுப் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தவர்களில் எத்தனையோ பேர் வந்து சேர்ந்த இடம் கிள்ளான் பள்ளத்தாக்கு அல்லவா? ஆகவே இந்த மாதம் காற்றைப் பற்றிப் பேசுவோம்.

வெயில் காற்றை நேராகச் சூடாக்குவதில்லை. முதலில் தரையைச் சூடாக்குகிறது. சூடான தரை தன்மேல் இருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. அடுப்புக்குப் பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் வெப்பம் அதிகம் என்பது போல, தரைக்கு அருகே உள்ள காற்றுக்குத்தான் சூடு அதிகம். சூடான காற்று இலேசானது. அது மேலே எழும்பும். போகும்போது புகையையும் தூசியையும் கூடவே கொண்டுபோய் உயரத்தில் கலைத்துவிடும். பகலில் நம் ஊர் சுத்தமாவது இப்படித்தான்.

சூரியன் மறைந்த பிறகு கதை தலைகீழாகிறது. மேகமில்லாத, காற்று வீசாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டு விரைவில் குளிர்ந்து போகும். அதை ஒட்டிய காற்றும் குளிரும். குளிர்ந்த காற்று கனமானது. அது மேட்டில் தங்காமல், மழைத் தண்ணீர் ஓடுவது போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதற்கு மேலே, பகலில் சூடான காற்று இன்னும் சூடு தணியாமல் நிற்கும். கீழே குளிர், மேலே சூடு. இதை வெப்பத் தலைகீழ் மாற்றம் என்பார்கள். பெயர் பெரிதாக இருந்தாலும் பொருள் எளிது: பானைக்கு மூடி போட்டாயிற்று!

கீழே இருக்கும் கனத்த காற்றால் மேலே எழ முடியாது. அதில் கலந்த புகைக்கும் அதே கதிதான். இரு பக்கமும் குன்று இருந்தால் பக்கவாட்டிலும் வழியில்லை. ஆகப் பள்ளத்தாக்கு பானை என்றால், சூடான காற்று அதன் மூடி.

பிள்ளைகளுக்கு இதைக் காட்ட ஒரு சிறு சோதனை உண்டு. ஒரே அளவான இரண்டு கண்ணாடிக் குவளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி நீலச் சாயம் ஒரு சொட்டு விடுங்கள். மற்றொன்றில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றிச் சிவப்புச் சாயம் ஒரு சொட்டு விடுங்கள். இரண்டும் விளிம்புவரை நிரம்பியிருக்க வேண்டும். வெந்நீர்க் குவளையின் வாயைக் கெட்டி அட்டையால் மூடிக் கவிழ்த்து, குளிர்நீர்க் குவளையின்மேல் விளிம்போடு விளிம்பாக வையுங்கள். அட்டையை மெதுவாக உருவுங்கள். சிவப்பு மேலேயே நிற்கும். நீலம் கீழேயே நிற்கும். இனி மாற்றிச் செய்யுங்கள். வெந்நீர் கீழே, குளிர்நீர் மேலே. அட்டையை உருவியதும் இரண்டும் கலந்து ஊதா நிறமாகிவிடும். முதலாவது, காற்று மூடிக்கொண்ட விடியற்காலை. இரண்டாவது, காற்று கலந்தோடும் நண்பகல். கொஞ்சம் தண்ணீர் சிந்தும். ஒரு தாம்பாளத்தில் வைத்துச் செய்தால் வீட்டில் சண்டை வராது.

இப்போது கிள்ளான் பள்ளத்தாக்கின் அமைப்பைப் பார்ப்போம். கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் சுவர் போல நிற்கிறது. மேற்கே மலாக்கா நீரிணை. இடையில் கிள்ளான் ஆறு ஓடும் தாழ்நிலம். கோம்பாக் ஆறு கிள்ளான் ஆற்றோடு கூடும் இடத்தில் கோலாலம்பூர். ஆறு கடலைச் சேரும் பக்கத்தில் கிள்ளான் துறைமுகம். நடுவில் பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலாம் என்று நாட்டின் தொழிற்சாலைகளிலும் வாகனங்களிலும் பெரும் பங்கு இங்கேயே குவிந்திருக்கிறது.

பகலில் கடற்காற்று மேற்கிலிருந்து உள்ளே வீசுகிறது. வரும் வழியெல்லாம் உள்ள புகையை அள்ளிக்கொண்டு வந்து மலையடியில் நிற்கிறது. இரவில் காற்று திரும்பி, மலையிலிருந்து கடலை நோக்கி மெல்ல வழிகிறது; அந்த இரவுக்காற்றுக்கு வலு குறைவு. ஆகவே பகலில் உள்ளே போன புகை முழுவதும் இரவில் வெளியே போய்விடுவதில்லை. ஒரு பங்கு அங்கேயே ஊசலாடிக்கொண்டிருக்கிறது. மாலை வாகன நெரிசலின் புகையும் காலை நெரிசலின் புகையும் மூடி போட்ட அந்த நேரங்களில்தான் வந்து சேர்கின்றன.

நம் நாட்டுக்கு ஒரு பாக்கியம் உண்டு. இங்கே வெயில் கடுமை. பெரும்பாலான நாட்களில் காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் தரை சூடாகி, அந்த மூடி உடைந்துவிடும். மாலையில் ஓர் இடிமழை பெய்தால் காற்றைக் கழுவிவிட்டது போலாகும். குளிர் நாடுகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அங்கே குளிர்காலத்தில் இதே மூடி நாட்கணக்கில் திறக்காமல் கிடக்கும். அப்போது என்ன நடக்கும் என்பதை வரலாறு மூன்று முறை காட்டியிருக்கிறது.

1930ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரம். பெல்ஜியம் நாட்டில் மியூஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு. இரும்பாலைகளும் துத்தநாக ஆலைகளும் நிறைந்த இடம். டிசம்பர் 1 முதல் 5 வரை அடர்ந்த மூடுபனி கவிந்துகொண்டது, காற்று அசையவில்லை. அந்த நாட்களில் 60 பேருக்கு மேல் மூச்சுத் திணறி இறந்தார்கள்.

1948ஆம் ஆண்டு அக்டோபர் இறுதி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், மலைகளுக்கிடையே ஓர் ஆற்று வளைவில் இருக்கும் டொனோரா என்ற சிற்றூர். மக்கள்தொகை ஏறத்தாழ 14,000. அங்கும் இரும்பாலை, துத்தநாக ஆலை. சில நாட்கள் புகைப்பனி விலகவேயில்லை. சனிக்கிழமை நடந்த காற்பந்து ஆட்டத்தில் பார்வையாளர்களுக்குப் பந்தே சரியாகத் தெரியவில்லையாம்! ஞாயிற்றுக்கிழமை ஆலையின் உலைகளை அணைத்தார்கள், அன்றே மழையும் பெய்தது, காற்று தெளிந்தது. அதற்குள் 20 பேர் இறந்திருந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் நோயில் விழுந்திருந்தார்கள்.

1952ஆம் ஆண்டு டிசம்பர் 5 முதல் 9 வரை இலண்டன். தேம்ஸ் ஆற்றின் தாழ்நிலத்தில் இருக்கும் மாநகரம். வீட்டுக்கு வீடு நிலக்கரி அடுப்பு. மூடி விழுந்தது. சுமார் 4,000 பேர் இறந்ததாக அப்போது கணக்கிட்டார்கள். பிற்கால ஆய்வுகள் 12,000 வரையிலும் சொல்கின்றன. அதன் பிறகுதான், 1956இல், அந்நாட்டில் தூய காற்றுச் சட்டம் வந்தது.

இந்த மூன்று ஊர்களிலும் ஒரு பொதுச் செய்தி உண்டு. அந்த வாரத்தில் ஆலைகளோ அடுப்புகளோ திடீரென்று பல மடங்கு பெருகிவிடவில்லை. அதே ஆலைகள் ஆண்டுக்கணக்கில் அங்கேதான் புகைந்துகொண்டிருந்தன. மாறியது வானிலை மட்டுமே. நேற்றுவரை காற்று சுமந்துகொண்டு போன அழுக்கை அன்று சுமக்க மறுத்துவிட்டது. "இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே" என்று எண்ணியிருந்தவர்கள், இத்தனை நாளும் தங்களைக் காப்பாற்றியது காற்றுதான் என்பதை அப்போதுதான் உணர்ந்தார்கள்.

நம் நாட்டுப் புகைமூட்டத்துக்கு வருவோம். ஏறத்தாழ ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. சுமாத்திரா மலைகள் மழையைத் தடுத்துக்கொள்வதால் நம் பக்கம் வறட்சி. அதே காலத்தில் சுமாத்திராவின் கரிமண் சதுப்பு நிலங்களில் தீ பிடித்தால், தென்மேற்குக் காற்று அந்தப் புகையை நீரிணை தாண்டி நம் வாசலில் கொண்டுவந்து கொட்டுகிறது. கிழக்கே மலைச்சுவர், மழையும் இல்லை. பள்ளத்தாக்கு நிரம்பிவிடுகிறது. 2005ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் தேதி கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஐ.பி.யு. என்று நாம் சொல்லும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு அங்கே 500ஐத் தாண்டியிருந்தது. 1997இல் சரவாக்கிலும் 2013இல் மூவாரிலும் இதே போல அவசரகாலம் வந்தது. 2019 செப்டம்பரில் நாட்டின் பல பகுதிகளில் பள்ளிகளை மூட வேண்டியதாயிற்று.

அந்தப் புகை அயல் நாட்டிலிருந்து வந்தது. நம் கையில் இல்லை. ஆனால் ஆண்டு முழுவதும் விடியற்காலையிலும் அந்தியிலும் பள்ளத்தில் தேங்கும் புகையில் நம்முடைய பங்கும் உண்டு. அதைத்தான் இன்று உங்களோடு பேச வந்தேன்.

எங்கள் தோட்டத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். நாள் தவறாமல் அந்தி வேளையில் வாசல் பெருக்கி, சருகைக் குவித்து, மேலே தேங்காய் மட்டையும் போட்டுக் கொளுத்துவார். கொசுவும் போகும், குப்பையும் போகும். புகை மட்டும் போகாது. பத்து வீட்டு லயம் முழுவதும் கூரை உயரத்தில் பாய் விரித்தது போலப் படுத்துக்கொள்ளும். பாட்டியின் பேரன் என் வகுப்பு மாணவன். பள்ளிப் பையில் புத்தகத்தோடு இழுப்பு மருந்துக் குப்பியும் வைத்திருப்பவன்.

ஒருநாள் மெல்லப் பேச்செடுத்தேன். "பாட்டி, சாயங்காலம் எரிக்க வேண்டாமே" என்றேன்.

"நான் சின்னப் பிள்ளையிலேர்ந்து எரிக்கிறேன் வாத்தியாரே. அப்பெல்லாம் யாருக்கு இழுப்பு வந்துச்சு?" என்றார். அதோடு விடவில்லை. "அந்தா நிக்குதே ஃபேக்டரி, அதோட புகைக்கு முன்னால என் புகை எம்மாத்திரம்? முதல்ல அங்க போயிச் சொல்லுங்க."

இரண்டும் நியாயமான கேள்விகள். பாட்டிக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் இழுப்பு இல்லாமலில்லை. புகையடுப்புக்கு முன்னால் நின்று இருமி இருமி மெலிந்த தாய்மார்கள் எத்தனை பேர்! அதை நாம் 'வயசாயிடுச்சு' என்றோம். இன்னொன்று, அன்று சுற்றிலும் பால்மரக் காடு. இன்று தோட்டத்தின் ஓரத்திலேயே நெடுஞ்சாலை. பானை ஏற்கனவே பாதிக்கு மேல் நிரம்பியிருக்கும்போது அதில் விழும் ஒரு கை மண்ணுக்கும் கணக்கு உண்டு.

ஃபேக்டரியை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. டொனோராவில் உலையை அணைத்தது எவ்வளவு தாமதம் என்று பார்த்தோம். ஆலைப் புகை கண்ணை உறுத்தினால் சுற்றுச்சூழல் துறைக்குப் புகார் செய்வது நம் உரிமை, செய்யவும் வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆலையின் புகைபோக்கி உயரமானது. இரவில் அதன் புகை பல நேரம் அந்த மூடிக்கு மேலேயே வெளியாகித் தொலைவுக்குப் போய்விடும். தரையில் எரியும் சருகின் புகை மூடிக்குக் கீழே, ஒரு சிறுவனின் மூக்கு இருக்கும் உயரத்தில் கிளம்புகிறது. நெருப்பு சிறியதுதான், ஆனால் அது எரிகிற இடமும் நேரமும் மோசமானவை.

பாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இந்தக் குப்பைய எங்கதான் கொண்டுபோயிக் கொட்டச் சொல்றீங்க?" என்று கேட்டார். அதுவும் சரிதானே? 'எரிக்காதே' என்று சொல்வது சுலபம். மாற்று வழி சொல்ல வேண்டாமா? பேரனும் நானுமாக வீட்டுக்குப் பின்னால் இரண்டடிக் குழி ஒன்று வெட்டிக் கொடுத்தோம். சருகைப் போட்டு மேலே கொஞ்சம் மண் தூவுவது. நிரம்பியதும் பக்கத்தில் இன்னொரு குழி. மக்கிய சருகு வாழைக்குப் போகிறது. அந்த வாழை இப்போது குலை தள்ளியிருக்கிறது. கொசுவுக்காகப் பூந்தொட்டி, பழைய டயர், தகர டின் ஆகியவற்றில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்தோம். பையனின் இழுப்பு முழுவதும் நின்றுவிட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்தியில் அந்த லயத்தில் கண் எரியாமல் உட்கார்ந்து பேச முடிகிறது.

வாசகர்களே, நீங்கள் செய்யக்கூடியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

குப்பையையும் சருகையும் எரிக்காதீர்கள். திறந்த வெளியில் எரிப்பதைச் சுற்றுச்சூழல் தரச் சட்டமும் தடை செய்கிறது. பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் எரிப்பது இன்னும் கொடியது. திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ விறகடுப்பு மூட்டித்தான் ஆக வேண்டுமென்றால், விடியலுக்கு முன்னும் அந்திக்குப் பின்னும் அல்லாமல், வெயில் ஏறிய நேரமாகப் பார்த்து மூட்டுங்கள். அப்போது புகைக்கு மேலே போக வழி இருக்கும்.

வீடு பெருஞ்சாலை ஓரத்தில் இருந்தால், சன்னலை அகலத் திறந்து வைக்க ஏற்ற நேரம் விடியற்காலை அன்று. வாகன நெரிசல் அடங்கி வெயில் ஏறிய பிறகே. காலை நடை போகிறவர்கள் சாலையோரத்தை விட்டுத் திடலுக்கோ மரங்கள் உள்ள மேட்டுக்கோ போகலாம். உச்சி வெயிலில் ஓடுவதும் நல்லதன்று. வாகனப் புகையில் கடும் வெயில் படும்போது ஓசோன் என்ற வேறொரு நச்சு வாயு தரைமட்டத்தில் உண்டாகிறது.

காலையில் வெளியே வெள்ளையாகத் தெரிவது பனியா புகையா என்று பிள்ளைகள் கேட்பார்கள். பனி என்றால் புல் நனைந்திருக்கும், வாசனை இராது, வெயில் வந்ததும் கலையும். புகை என்றால் கரிந்த நெடி வரும், தொண்டை கரகரக்கும், பதினொரு மணியானாலும் சூரியன் ஆரஞ்சுப் பழம் போல மங்கலாகவே நிற்கும். ஐயம் இருந்தால் ஐ.பி.யு. அளவைப் பாருங்கள். 50 வரை நன்று; 100 வரை மிதம்; 101 முதல் 200 வரை உடல்நலத்துக்குக் கேடு; 300 வரை மிகவும் கேடு; அதற்கு மேல் அபாயம். 100ஐத் தாண்டினால் பிள்ளைகளை வெளியில் ஓடியாட விடாதீர்கள். கைக்குட்டையைக் கட்டிக்கொள்வது போதாது. புகையில் உள்ள நுண்துகள் நம் தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான். துணி அதை நிறுத்தாது. முகத்தில் இறுகப் பொருந்தும் என்95 முகக்கவசமே ஓரளவு காக்கும். இழுப்புள்ளவர்கள் மருத்துவர் கொடுத்த மருந்தைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள். மூச்சு வாங்கிப் பேச முடியாமல் போனால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

மலையை நகர்த்த நம்மால் ஆகாது. காற்றை 'வா' என்றால் வராது. மழையையும் கூப்பிட முடியாது. பானையும் மூடியும் இயற்கையின் கையில். பானைக்குள் என்ன போடுகிறோம், எந்த நேரத்தில் போடுகிறோம் என்பது மட்டுமே நம் கையில். தீப்பெட்டியை எடுக்கும் முன் அண்ணாந்து ஒருமுறை வானத்தைப் பாருங்கள். பக்கத்து வீட்டுத் தொட்டிலில் தூங்குகிற குழந்தைக்கும் சேர்த்துப் பாருங்கள்.